காணோம் என்பதற்கு ஒரு வார்த்தை

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதித் தருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றால் எல்லாரும் சாரம்மாள் இருக்கிற பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். "டைப்பக்காகிட்டப் போங்க. ஆனா நேரமாகும். கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுருவாவ" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது நீலாம்பாளுக்குத் தெரியும். ஒரே அறையில் ஒரு பாதி சாரம்மாளின் கம்ப்யூட்டர், மறு பாதி நீலாம்பாளின் ஜெராக்ஸ் மிஷின் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

நீலாம்பாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். வருகிறவர்களிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூச்சம். பேச்சு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பார்வை கூடிப்போயிற்று. சாரம்மாள் ஒரு மனுவைக் கையில் எடுத்தால் எந்த இடத்தில் நிறுத்துவார் என்பதைக்கூட அவளால் சொல்லிவிட முடியும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுத் திருத்திக்கொண்டே போவார். அர்த்தம் பிசகியிருந்தால் இரண்டு கையும் கீபோர்டை விட்டு இறங்கி மடிக்கு வந்துவிடும். கை மடிக்கு வந்துவிட்டால் அந்த மனு அரைமணி நேரத்துக்கு நகராது. வரிசையில் நிற்பவர்கள் டீக்கடைக்குப் போய்வரலாம்.

சாரம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது. சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் பிறந்து, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸானவர். வீட்டுக்காரர் தேவசிகாமணி ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைய பேப்பரை ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்.

இத்தனை இங்கிலீஷ் தெரிந்த சாரம்மாளுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஒருதடவை வடநாட்டு அதிகாரி ஒருவர் வாசலில் நின்று ஏதோ வழி கேட்டார். சாரம்மாள் எழுந்து நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கையால் ஆற்றுப்பாலத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் போனபிறகு நீலாம்பாள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "சிரிக்காதட்டி. பேசும்போது வார்த்தை ஓடுது. எழுதும்போதுதான் அதைப் பிடிச்சு நிறுத்தி, நீ யாரு, ஒன் வேலை என்னன்னு கேக்க முடியுது" என்றார் சாரம்மாள்.

அப்படி அவர் பிடித்து நிறுத்திய வார்த்தைகளை எண்ணி முடியாது. டவுணிலிருந்து வந்த ஒரு பெரியவர் தானே கைப்பட எழுதிக்கொண்டுவந்த மனுவில், பட்டாவில் தனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பட்டாவை நீங்களே நம்பலைன்னுல்லா எழுதியிருக்கிய?"

"சந்தேகம்னா டவுட்டுதானம்மா?"

"வாத்தியார்கிட்டக் கையைத் தூக்கிக் கேட்டோமே, அது நம்ம டவுட்டு. ஆபீசுக்கு எழுதினா, இது பொய்யா இருக்கும்னு நினைக்கதுதான் டவுட்டு. ஒங்களுக்கு விவரம்தான வேணும்? அதுக்கு வேற வார்த்தை இருக்கு."

பெரியவர் பதறிப்போய் அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்னொரு நாள், பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தை வெட்டக் கூடாது என்று முன்னீர்பள்ளம் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். மரத்தின் ஷாடோவில் நின்றுதான் பஸ் ஏறுகிறோம் என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஷாடோ என்றால் மரத்தின் உருவம் தரையில் விழுவது, ஷேட் என்றால் வெயில் படாத இடம் என்று சாரம்மாள் சொன்னார். "ஒரே நிழலுதானம்மா?" என்றார் வந்தவர். "நமக்கு ஒண்ணு. அவங்க அதுக்கு ரெண்டு பேரு வச்சிருக்காங்க. ஷாடோன்னு போட்டா மரத்தை வெட்டிட்டு ஒரு கம்பத்தை நட்டு வச்சாலும் போதும்னு ஆயிரும்" என்றார். நீலாம்பாள் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, தன் காலடியில் கிடந்த நிழலையும் கூரைக்குக் கீழிருந்த நிழலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஜாக்கிரதை எங்கிருந்து வந்தது என்பது ஒரு மழைநாளில்தான் தெரிந்தது. ஆள் வராத மத்தியானம். சாரம்மாள் தானாகவே சொன்னார்.

அவர் முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் பதின்மூன்று வருஷம் டைப் அடித்திருக்கிறார். பாபநாசம் பக்கத்திலிருந்து பிச்சைக்கண்ணு என்று ஒரு விவசாயி வந்தார். அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தண்ணீர்த் தகராறு. தம்பியான இவருக்குத் தண்ணீர் முறை உண்டு என்று அண்ணன் ஒத்துக்கொள்கிறார், ஆனால் மடையைத் திறந்துவிடமாட்டேன் என்கிறார். வக்கீல் தமிழில் சொன்னார், 'அண்ணன் மறுத்துவிட்டார்' என்று. சாரம்மாள் 'டினைட்' என்று அடித்துவிட்டார்.

"'ரெஃப்யூஸ்ட்'னு அடிச்சிருக்கணும் நீலா. தரமாட்டேன்னு சொல்லுதது ரெஃப்யூஸ். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லுதது டினை. நம்ம பாஷையில ரெண்டுக்கும் மறுக்கதுதான். எதிர்த்த வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாரு. முறையே இல்லைன்னு அண்ணன் சொல்லுதாருன்னு நீங்களே எழுதியிருக்கிய, அப்ப மொதல்ல முறை உண்டுன்னு நிரூபிங்கன்னுட்டாரு. கேசு இழுத்துச்சு. கார் போகமும் போச்சு, பிசானப் போகமும் போச்சு."

"வக்கீலு ஒண்ணும் சொல்லலையா?"

"நானாப் போய்ச் சொன்னேன். சிரிச்சுட்டு, கேசுன்னா இழுக்கத்தான் செய்யும்மான்னாரு. அந்தப் பிச்சைக்கண்ணு இருக்காரே, அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, என்னைப் பாத்து ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுட்டுப் போவாரு. அதுதான் எனக்குத் தாங்கல."

மழை விட்டதும் கதவை அகலத் திறந்துவைத்தார்.

போன வருஷம் ஆவணியில் ஒரு திங்கள்கிழமை. மேலப்பாளையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் யாசர். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா ஆசியா உம்மாள். அவளுக்கும் பின்னால், வாசல்படியிலேயே நின்றுவிட்டவள் மூத்த மருமகள் அஸீலா. அவள் கணவன் ரசீத் சவுதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் டிரைவர். அவனிடமிருந்து போன் வந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

"அக்கா, மேட்டர் ரெடியா இருக்கு. சும்மா அடிச்சுத் தந்தாப் போதும்" என்றான் யாசர்.

"சும்மா அடிக்கதுக்கு நான் எதுக்குத் தம்பி? ஒங்க கடையில பிரிண்டர் இல்லையா?"

"மை தீந்துபோச்சு" என்று இளித்தான். "இது ரெண்டாவது மனுக்கா. மொதல்ல ஒண்ணு, தூதரகத்துக்குப் போகணும்னு இங்கிலீஷ்லயே எழுதிக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினோம். அதுக்கு என்னமோ ஒரு பதில் போட்டுருக்கானுவ."

"என்னமோ ஒரு பதிலா?" என்று ஆசியா உம்மாள் முன்னால் வந்தாள். "எம் மவன் மவுத்தானதுக்குச் சீட்டுக் கேக்காவம்மா! டெத் சர்டிபிகேட்டை வச்சு அனுப்பணுமாம். அதைக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு வாய் கஞ்சி எறங்கல."

சாரம்மாள் முதல் மனுவின் நகலை வாங்கிப் பார்த்தார். இரண்டு கையும் மடிக்கு வந்தன. நீலாம்பாள் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினாள்.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான். தமிழ்ல சொன்னேன், போனே மாத்திக் குடுத்துட்டு" என்றான் யாசர். "மொதத்தடவை, 'ரசீதைக் காணோம்'னு சொன்னதுக்கு, பில்லு ரசீதுன்னு நினைச்சுக்கிட்டு ரிசீப்ட்டைக் காணோம்னு போட்டுச்சு. அதை நான் பாத்துட்டேன்லா. ரிசீப்ட்டை எடுத்துட்டு அண்ணன் பேரைப் போட்டேன்."

நீலாம்பாள் சட்டென்று குனிந்து பேப்பர் கட்டைப் பிரித்தாள். சிரிப்பு வந்த நேரம் சரியில்லை.

"பேரை மாத்தினிய. வார்த்தையை விட்டுட்டிய" என்றார் சாரம்மாள். "லாஸ்ட்னு இருக்கு. ரிசீப்ட்டுக்கு லாஸ்ட்னு போடலாம். பொருளு தொலைஞ்சா அப்படித்தான் சொல்லணும். புருஷனுக்கு லாஸ்ட்னு ஒரு பொம்பளை எழுதினா, அவரு இறந்துட்டாருன்னுதான் வாசிக்கவங்க எடுத்துக்குவாங்க. அவங்க மேல தப்பில்ல. பாவம், இரக்கப்பட்டு, விதவை உதவித்தொகை வாங்க வழியும் சேத்து எழுதியிருக்காங்க பாருங்க."

வாசல்படியிலிருந்து அப்போதுதான் முதல்முதலாக அஸீலாவின் குரல் வந்தது.

"அப்ப நான் இத்தா இருக்கணும்னா எழுதிக் குடுத்திருக்கு?"

கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் அது. ஆசியா உம்மாள் யாசரின் முதுகில் ஒரு அடி வைத்தாள். "போன வச்சுக்கிட்டு எம் மருமவளை விதவையாக்கிட்டியே, பாவிப்பயலே!"

"சரி சரி, அதான் புதுசா எழுதியிருக்கம்லா. இதுல லாஸ்ட் கெடையாது" என்று யாசர் இரண்டாவது தாளை நீட்டினான்.

அதில் 'அப்ஸ்காண்டட்' என்றிருந்தது. சாரம்மாளின் கைகள் மடியிலிருந்து எழவே இல்லை.

"இது யாரு சொன்ன வார்த்தை தம்பி?"

"கம்பெனிக்காரன் மெயில்ல அப்படித்தான் போட்டிருக்கான். ஹுரூப் போட்டாச்சாம். வேலையை விட்டு ஓடினவன்னு அங்க எழுதி வைக்கது. அவன் ஒண்ணு போட நாம ஒண்ணு போட்டா ஆபீஸ்ல குழம்பிரும். அதான் அதையே போட்டேன்."

"போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ ஒட்டி, தலைமறைவுன்னு போட்டிருப்பாங்களே, பாத்திருக்கியளா? அந்த வார்த்தை இது. தப்பு பண்ணிட்டு ஒளிஞ்சுக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். கம்பெனி போட்டா அது கம்பெனி சொன்னது. ஒங்க மதினி கையெழுத்துப் போட்டா, கட்டினவளே சொல்லிட்டான்னு ஆயிரும்."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா. ஆளைக் காணோம், அவ்வளவுதான?"

"தேடுதவங்க எங்க போய்த் தேடுவாங்கங்கதுல வித்தியாசம் இருக்கு. லாஸ்ட்னா தேடவே மாட்டாங்க. அப்ஸ்காண்டட்னா ஒளியிற இடத்துல தேடுவாங்க, பிடிச்சு உள்ள வைக்கதுக்கு. காணோம்னு சொன்னாத்தான் ஆஸ்பத்திரியில தேடுவாங்க."

யாசருக்கு முகம் சிவந்துவிட்டது. சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். அம்மாவிடம் அடி வாங்கியாயிற்று. "இவ்வளவு வெளக்கம் சொல்லுதியளே, ஒரு ரெண்டு வரி இங்கிலீஷ் பேசுங்க பாப்போம். ஒங்களுக்குப் பேச வராதுன்னு ஊரே சொல்லுது" என்றான்.

நீலாம்பாளுக்குச் சுருக்கென்றது. சாரம்மாள் கோபப்படவில்லை. "வராது தம்பி. அதனாலதான் ஒவ்வொரு வார்த்தைக்கும் பயப்படுதேன்" என்றார்.

அவன் விருட்டென்று வெளியே போய் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டான்.

இனி சாரம்மாள் 'மிஸ்ஸிங்' என்று அடித்துக் கொடுத்துவிடுவார், வேலை முடிந்தது என்றுதான் நீலாம்பாள் நினைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சாரம்மாள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார்.

"நீ உள்ள வாம்மா. நீதான் கையெழுத்துப் போடப்போற. நீ சொல்லு. ஒங்க வீட்டுக்காரரு ஓடிப்போயிருப்பாருன்னு நினைக்கியா?"

அஸீலா உள்ளே வந்தாள். மாமியாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"தெரியலக்கா."

"என்னட்டி தெரியல?" என்று ஆசியா உம்மாள் சீறினாள். "எம் மவனப் பத்தி ஒனக்குத் தெரியாதா?"

"மாமி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. அங்கன வேற குடும்பம் வச்சிருப்பாருங்காவ. யாருகிட்டயோ தகராறுன்னு சொல்லுதாவ. நாப்பது நாளா கேட்டுக் கேட்டு என் மனசும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டு. நான் என்ன செய்ய?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சாரம்மாள் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்தார். வரிசையில் நின்ற ஒருவர் முனக, நீலாம்பாள் எழுந்து போய் அவர் தாளை வாங்கி நகல் எடுக்கத் தொடங்கினாள். அந்த நேரம் அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"மனசு சொல்லுததை விட்ரு. ஊரு சொல்லுததையும் விட்ரு. ஒனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு. கடைசியா என்னைக்குப் பேசினாரு? என்ன பேசினாரு?"

"வியாழக்கிழமை. லோடு ஏத்திக்கிட்டு வேற ஊருக்குப் போறேன், நாளைக்கு ஜும்மா தொழுதுட்டுப் பேசுதேன்னாவ."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கண்ணாடி ஒடைஞ்சுட்டாம். இங்க டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு பீரோவுல இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்புன்னாவ. அந்தப் பவரைச் சொல்லி அங்கன புதுசா வாங்கணுமாம். நான் தேடி எடுத்து அனுப்ப மறுநாள் ஆயிட்டு."

அவள் போனைத் திறந்து காட்டினாள். கசங்கின ஒரு கண் டாக்டர் சீட்டின் படம். அதன் கீழே, போய்ச் சேரவில்லை என்பதற்கு ஒற்றை டிக். நாற்பத்தைந்து நாளாக அந்த ஒற்றை டிக் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

சாரம்மாள் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லிவிட மாட்டாரா என்று நீலாம்பாளுக்கே தவிப்பாக இருந்தது. அஸீலாவும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, தனக்குத்தானே கேட்பது போல் கேட்டாள்.

"ஓடிப்போறவரு கண்ணாடிச் சீட்டைக் கேப்பாராக்கா?"

"எனக்கு அவரைத் தெரியாதும்மா. ஒனக்குத்தான் தெரியும்."

"கேக்க மாட்டாவ." அஸீலா முகத்தைத் துடைத்தாள். "அவுக ஓடல. அவுகளைக் காணோம்."

"அப்படின்னா மிஸ்ஸிங்" என்று சாரம்மாள் நாற்காலியைத் திருப்பினார். கை கீபோர்டுக்குப் போனது.

காணோம் என்று எழுதினால் அடையாளம் எழுத வேண்டும். ஓடிப்போனவனுக்கு யாரும் அடையாளம் கேட்பதில்லை. உயரம், நிறம், மூக்குக்கண்ணாடி எல்லாம் கேட்டுக்கேட்டு அடித்தார். "இடது புருவத்துல ஒரு காயம் இருக்கும்" என்றாள் ஆசியா உம்மாள். கை நின்றது.

"காயமா, தழும்பாம்மா?"

"சின்னதுல தறியில முட்டிக்கிட்டது."

"ஆறிப்போச்சுல்லா? அப்ப அது தழும்பு. காயம்னு எழுதினா இப்பப் பட்டதுன்னு நினைப்பாங்க. ரெண்டுக்கும் அங்க வேற வேற வார்த்தை." அடித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினார். கம்பெனி இப்படிச் சொல்கிறது, மனுதாரர் அதை ஏற்கவில்லை, கடைசியாகப் பேசியபோது இன்னதைக் கேட்டார் என்று கண்ணாடிச் சீட்டு வரைக்கும் அதில் இருந்தது. அஸீலா தமிழில் கையெழுத்துப் போட்டாள். நீலாம்பாள் நகல் எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். யாசர் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே தாளை வாங்கிப் பைக்குள் வைத்தான்.

அடுத்த திங்கள் அஸீலா வந்தாள். பதில் இல்லை. அதற்கடுத்த திங்களும் வந்தாள். மனு மேலே அனுப்பப்பட்டிருக்கிறது, தூதரகத்துக்குப் போயிருக்கிறது என்று ஆபீசில் சொன்னார்கள். அவள் போனபிறகு சாரம்மாள் அந்த நகலை எடுத்து வாசிப்பதை நீலாம்பாள் பார்த்தாள். ஒரு எழுத்தும் மாறாத தாளை ஒருவர் எதற்கு இத்தனை தடவை வாசிக்க வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தார். தேவசிகாமணி பேப்பரைத் தாழ்த்தி ஒருதடவை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் சாரம்மாள் கேட்டார். "ஏ நீலா, ஒருவேளை அவன் நெசமாவே ஓடியிருந்தா? நான் அந்தப் பிள்ளைக்கு இல்லாத நம்பிக்கையைக் குடுத்துட்டேனோ?"

நீலாம்பாள் இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள். மிஷினின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு சொன்னாள். "நீங்க எங்கக்கா குடுத்திய? நீங்கதான் வாயே தெறக்கலையே. அவதான பாத்துச் சொன்னா. ஓடியிருந்தாலும் அன்னைக்கு அவளுக்குத் தெரிஞ்சது அதுதான. அதைத்தான எழுதுனிய."

சாரம்மாள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "ஒன்னை எட்டாங்கிளாசோட நிறுத்தினது யாருட்டி?" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார்.

மனு கொடுத்த முப்பதாம் நாள், புதன்கிழமை காலையில், யாசர்தான் முதலில் ஓடிவந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கான்! அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான்!"

தம்மாமிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர். லாரியை நிறுத்திவிட்டு ரோட்டைக் கடக்கும்போது ஏதோ வண்டி அடித்திருக்கிறது. கண்ணாடி இல்லாத கண். போனும் அடையாள அட்டையும் போன இடம் தெரியவில்லை. தலையில் அடி. ரொம்ப நாள் பேச்சு வரவில்லை. பேர் தெரியாத ஆள் என்று எழுதிப் படுக்கவைத்திருந்தார்கள். தூதரகத்துக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்க்கிற தமிழ் ஆட்கள் இரண்டு பேர் மனுவின் நகலோடு அங்கே போயிருக்கிறார்கள். புருவத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்து, "மேலப்பாளையமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்திருக்கிறது.

சொல்லிமுடிக்கும்போது ஆட்டோவில் ஆசியா உம்மாளும் அஸீலாவும் வந்து இறங்கினார்கள். அஸீலா ராத்திரியே வீடியோவில் பார்த்துவிட்டாள். "எளைச்சுப்போயிட்டாவ. வார்த்தை பைய பையத்தான் வருது. எம் பேரைச் சொன்னாவக்கா" என்றாள். சாரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலை இன்னும் இருந்தது. ஓடினவன் என்று அங்கே பதிந்திருப்பதை நீக்கினால்தான் அவனை ஊருக்கு அனுப்புவார்கள். அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். யாசர் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான்.

"அக்கா, ஆரம்பம் மட்டும் எழுதிப் பாத்தேன். 'என் கணவர் கண்டுபிடிக்கப்பட்டார்'னு. மூணு வார்த்தை காட்டுச்சு. நான் இன்வென்டட்னு எடுத்தேன். அதுதான் கொஞ்சம் கெத்தா இருந்துச்சு. சரியான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சாரம்மாள் வாசித்தார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நீலாம்பாள் பார்த்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, ஒங்க அண்ணனைத் தூதரகத்துல புதுசா செஞ்சு குடுத்த மாதிரில்லா இருக்கு. இல்லாததை உண்டாக்கினாத்தான் இன்வென்டட்."

"நான் பெத்து முப்பத்திநாலு வருசமாவுது. இவன் இப்பத்தான் கண்டுபிடிச்சானாம்" என்றாள் ஆசியா உம்மாள். யாசரே சிரித்துவிட்டான்.

"அடுத்தது டிஸ்கவர்ட்னு காட்டுதே, அது?" என்று கேட்டான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

"அப்படி ஒண்ணு இருக்கதே யாருக்கும் தெரியாம இருந்து, மொதமொதல்ல பாத்தா அது. ஒங்க அண்ணன் இருக்காருன்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியும்லா?" சாரம்மாள் மூன்றாவது வார்த்தையை அடித்தார். "ஃபவுண்ட். நம்ம ஆளு நமக்குத் திரும்பக் கிடைச்சா இதுதான்."

அஸீலா மேசையைச் சுற்றிவந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். "இதுல எதுக்கா அது?"

சாரம்மாள் விரல் வைத்துக் காட்டினார். அஸீலா எழுத்துக் கூட்டினாள். ஒருதடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஃபவுண்ட்" என்று சொன்னாள்.